அப்பாவின் நெஞ்சும் என் சாவிக்கொத்தும்

செத்துப்போகிற மனிதனுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுப்பார்கள் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். மாரடைப்பு என்றால் அவன் நெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வான். பக்கத்துத் தூணில் சாய்வான். மூத்த மகனைக் கூப்பிட்டு, "அம்மாவைப் பாத்துக்கோ" என்பான். ஒரு வாய் தண்ணீர் கேட்பான். அதற்குள் வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும். ஐம்பது வயதைத் தாண்டி, பாத்திரக்கடை நடத்தி, ஒழுங்காக வரி கட்டுகிற ஒருவன் இதை நம்பினான். (சினிமாவைக் குற்றம் சொல்லலாம். ஆனால் டிக்கெட் எடுத்தது நான்தானே.)

இதைவிடப் பெரிய மடத்தனம் ஒன்றும் என்னிடம் இருந்தது. அப்படி ஒரு நேரம் வந்தால் நான் ஏதாவது செய்துவிடுவேன் என்று நம்பியதுதான் அது.

எங்கள் பூர்வீகம் நாஞ்சில்நாடு, பிழைப்பு திருவனந்தபுரத்தில். கடை பழவங்காடியில், பிள்ளையார் கோவிலுக்குக் கூப்பிடு தூரம். வீடு வலியசாலையில். வீட்டில் அப்பா, அப்பாவின் தங்கை கோமதி அத்தை, என் மனைவி செண்பகம், அப்புறம் நான். அம்மா எப்போதோ போய்விட்டாள். போன வருஷம் அப்பாவுக்கு நெஞ்சில் அடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கடைச் சாவிக்கொத்து என் கைக்கு வந்ததும் அப்போதுதான். அதுவரை அதை அவர் இடுப்பிலேயே வைத்திருந்தார். தூங்கும்போதும்.

டிஸ்சார்ஜ் அன்று ஆஸ்பத்திரியில் எங்களுக்கு நடந்த உபதேசம் இருக்கிறதே! தேங்காய் கூடாது, ஊறுகாய் கூடாது, பப்படம் கூடாது, உப்பு பாதி, படி ஏறக்கூடாது, கோபப்படக்கூடாது. திருவனந்தபுரத்தில் தேங்காயை விடு என்பதும் மூச்சை விடு என்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். அதையும் கேட்டுக்கொண்டேன். கடைசியாக ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "வீட்டுல வச்சு நெஞ்சு நின்னு போச்சுன்னா நாங்க என்ன செய்யணும்?"

உபதேசம் செய்த நர்ஸ் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "உடனே இங்கே கொண்டு வரணும் கேட்டோ."

நின்றுபோன வண்டியை ஒர்க்ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு வா என்பது மாதிரி. எனக்கு இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. தேங்காய்ச் சட்டினியைப் பற்றிப் பேச அரை மணி நேரம் இருந்தது. நெஞ்சு நின்றால் என்ன என்பதற்கு ஒரு சிரிப்புதான் இருந்தது. நானாவது விடாமல் கேட்டேனா? கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு, பார்க்கிங்கில் வண்டி எடுக்கப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் எங்கள் வீட்டில் நடந்தது இதய சிகிச்சை அல்ல, தேங்காய்ப் போலீஸ் வேலை. துருவல் மிச்சமிருந்தால் விசாரணை. குழம்பு வெள்ளையாகத் தெரிந்தால் குறுக்கு விசாரணை. இதற்கிடையில் வாட்ஸ்அப்பில் ஒன்று வந்தது: மாரடைப்பு வந்தால் பலமாக இருமினால் போதும், பிழைத்துக்கொள்ளலாம். வந்த வேகத்தில் அதை நாற்பது பேருக்கு அனுப்பிய உத்தமன் நான்தான். அப்பா ஒரு வாரம் காலையில் எழுந்ததும் இருமிப் பழகினார். (நெஞ்சு நின்றவனுக்கு நினைவே இருக்காது, அவன் எப்படி இருமுவான்? இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. செண்பகத்துக்குத் தோன்றியது. "உனக்கு எல்லாத்துலயும் ஒரு குத்தம்" என்றேன்.)

அப்போதுதான் ரெசிடெண்ட்ஸ் அசோசியேஷன்காரர்கள் ஒரு அறிவிப்புப் போட்டார்கள். நெஞ்சு நோயாளி உள்ள வீட்டிலிருந்து ஒரு ஆள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹாலுக்கு வர வேண்டும். நின்றுபோன நெஞ்சை அமுக்கி ஓடவைக்கிற சி.பி.ஆர். கற்றுக்கொடுப்பார்கள்.

"நான் போறேன்" என்றாள் செண்பகம். "பகல் முழுக்க மாமா கூட இருக்கது நானும் அத்தையும்தான்."

"ஞாயித்துக்கிழமை காலம்பற நீ போனா இட்டிலி யாரு அவிப்பா?" என்றேன்.

இந்த வாக்கியத்தைக் கல்வெட்டில் வெட்டி என் கழுத்தில் மாட்ட வேண்டும். நானே கயிறு வாங்கித் தருகிறேன்.

ஹாலில் போய்ப் பார்த்தால் அத்தனை பேரும் என்னைப் போலத்தான். வேட்டி, தொப்பை, சட்டைப் பையில் செல்போன். காலையில் கிளம்பினால் ராத்திரி வீடு திரும்புகிற ஆண் ஜென்மங்கள். வீட்டில் நோயாளி பக்கத்தில் இருக்கிற ஒரு பெண்ணும் அங்கே இல்லை. கற்றுக்கொடுக்க வந்த பிந்து சிஸ்டர் மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிறவர். எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"பெண்ணுங்கள் எவிடே?"

"சமையல் சிஸ்டர்" என்றது முன்வரிசை.

"ஓஹோ. பகல்ல ஆள் விழுந்தா சாம்பார் வந்து சி.பி.ஆர். கொடுக்குமோ?"

எல்லோரும் சிரித்தோம். நல்ல ஜோக் என்று நினைத்துவிட்டோம்.

தரையில் ஒரு ரப்பர் பொம்மை. தலையும் மார்பும் மட்டும்தான். வேடிக்கை காட்டாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. "சிஸ்டர், இவருக்குக் காலே இல்லியே. பின்ன எப்படி விழுந்தாரு?" என்று கேட்டேன். ஹால் அதிர்ந்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. "இவர் விழுந்தாச்சு. சார் வந்து எழுப்பு" என்றார்.

மண்டியிட்டேன். அமுக்கினேன். கையை மடக்காதே, இன்னும் அமுக்கு என்று சிஸ்டர் என் தலைக்கு மேலே நின்று சத்தம் போட்டார். "கை மடக்கருது! இனியும் அமர்த்து! இது சப்பாத்தி மாவல்ல சாரே!" அமுக்கினால் எலும்பு ஒடிந்துவிடாதா என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னது: "எல்லு ஒடிஞ்ஞால் சரியாக்காம். ஆளு போயால் சரியாக்கான் பற்றுமோ?" எலும்பு ஒடிந்தால் ஒட்டவைக்கலாம், ஆள் போனால் ஒட்டவைக்க முடியுமா என்று அர்த்தம். நான் கொஞ்ச நேரத்தில் முட்டுவலி என்று சொல்லி எழுந்துவிட்டேன். போகும்போது எல்லோருக்கும் சர்ட்டிபிகேட் கொடுத்தார்கள். முட்டுவலிக்காரனுக்கும்தான். லேமினேட் பண்ணிக் கடையில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் ஒரு கச்சேரி நடந்தது. பெரிய இலவம்பஞ்சுத் திண்டை நடு ஹாலில் போட்டு, பிந்து சிஸ்டர் மாதிரியே பேசி நடித்துக் காட்டினேன். இப்படித் தோளைத் தட்டு, கூப்பிடு. அசைவு இல்லையா? 108-க்குப் போன் பண்ணச் சொல்லு. மார்பு ஏறி இறங்குதா பாரு. செத்துக்கொண்டிருக்கிற ஆள் சில நேரம் கொர் கொர் என்று சத்தம் போடுவான், அதை மூச்சு என்று நினைத்து ஏமாறாதே என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். அந்தக் கொர்ரைத்தான் நான் அன்று பிரமாதமாகச் செய்தேன். அடைத்த பைப்பில் தண்ணீர் இறங்குகிற மாதிரி. அப்பா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எலேய், நீ கடையை மூடிட்டு மிமிக்ரிக்குப் போயிரு" என்றார்.

செண்பகமும் சிரித்தாள். ஆனால் சிரித்துக்கொண்டே திண்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கை எங்க வைக்கணும்?"

"நடு நெஞ்சில். ஒரு கை மேல இன்னொரு கை."

"எவ்வளவு வேகம்?"

"ஒரு செகண்டுக்கு ரெண்டு தடவை போல. கை மடக்கருது!" என்று சிஸ்டர் குரலில் கத்தினேன்.

அவள் அமுக்கினாள். நான் அவள் தலைக்கு மேல் நின்று, "இனியும் அமர்த்து! இனியும்!" என்று கூத்தடித்தேன். அவள் நிறுத்தவே இல்லை. கடைசியில் திண்டின் தையல் பிரிந்து பஞ்சு பறந்தது. "நல்ல ஒண்ணாந்தர இலவம்பஞ்சு, நாசமாக்கிட்டியளே" என்று கோமதி அத்தை தலையில் அடித்துக்கொண்டாள்.

இனி அதற்குப் பிறகு வந்த இன்னொரு ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஸ்டென்ட் வைத்து ஒரு வருஷம் ஆனதற்காகப் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறதாக அப்பா நேர்ந்திருந்தார். ஆட்டோவில் கூட்டிப்போனேன். அவரே ஓங்கி எறிந்து உடைத்தார். சிதறின சில்லைப் பார்த்து, "சாப்பிடத்தான் கூடாது, எறியலாம் இல்லியா?" என்று என்னிடம் கேட்டார். வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து இட்டிலி சாப்பிட ஆரம்பித்தார். பிரார்த்தனை நாள் என்று அத்தை அன்றைக்கு மட்டும் ஒரு ஸ்பூன் தேங்காய்ச் சட்டினிக்கு அனுமதி கொடுத்திருந்தாள்.

அப்பா ஒரு விள்ளலை வாயில் வைத்தார். "உப்பு கொறவு" என்றார்.

அவ்வளவுதான். சரிந்துவிட்டார்.

நெஞ்சைப் பிடிக்கவில்லை. தூணில் சாயவில்லை. என்னைக் கூப்பிடவில்லை. உப்பு குறைவு என்பதுதான் எனக்குக் கிடைத்த கடைசி வசனம். என் அவகாசம், என் ஆம்புலன்ஸ், என் வசனம் எல்லாம் நாற்காலிக்கும் தரைக்கும் நடுவில் போய்விட்டது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓடினேன். அப்பாவிடம் அல்ல, அப்பாவை விட்டு. கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்று மண்டைக்குள் ஒரு குரல் கேட்டது. (அது வலிப்புக்குச் சொல்கிற வைத்தியம். வலிப்புக்கும் பலன் கிடையாது என்று பிறகுதான் தெரியும்.) சாவிக்கொத்தைத் தேடி பூஜையறை, சமையலறை, செருப்பு வைக்கிற இடம் வரை ஓடினேன். அது என் இடுப்பிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவிழ்த்து, அப்பாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கினேன். போன வருஷம் அவரிடமிருந்து வாங்கின சாவியைச் சரியான நேரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அதற்குள் செண்பகம் அவரை மல்லாக்கப் படுக்கவைத்திருந்தாள். தோளைத் தட்டினாள். "மாமா! மாமா!" குனிந்து மார்பையே பார்த்தாள். அப்பாவின் தொண்டையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. கொர். கொஞ்சம் விட்டு, இன்னொரு கொர். எனக்கு உயிர் வந்தது.

"மூச்சு இருக்குட்டீ" என்றாள் அத்தை. "மயக்கம்தான். கொறட்டை விடுதாரு பாரு."

"ஆமா, கொறட்டைதான்" என்றேன் நான். அந்தச் சத்தத்தை நடித்துக் காட்டிக் கைதட்டு வாங்கின நான்!

செண்பகம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை. "இது மூச்சில்ல. நீங்கதானே சொன்னீங்க. 108 போடுங்க!" என்றாள். நடு நெஞ்சில் கையை வைத்து அமுக்க ஆரம்பித்தாள்.

போன் போட்டேன். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், "ஸ்தலம் எவிடெயா சேட்டா?" என்று கேட்டது. முப்பது வருஷமாகப் போனில் இடம் கேட்டால் ஒரே பதில்தானே சொல்லியிருக்கிறேன். "பழவங்காடி, கணபதி கோவில் பக்கத்துல, எவர்சில்வர் பாத்திரக்கடை" என்றேன். அத்தோடு விட்டேனா? "ஆனா இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, கடை லீவு" என்றும் சொன்னேன்.

"வலியசாலை!" என்று செண்பகம் அமுக்கிக்கொண்டே கத்தினாள். "வீடு! வீட்டைச் சொல்லுங்க! போனை ஸ்பீக்கர்ல போடுங்க!" மிச்ச விலாசத்தை அவளே மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள்.

இந்த இடத்தில்தான் எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. அத்தை செண்பகத்தின் தோளைப் பிடித்து இழுத்தாள். "ஏட்டி, கையை எடு. மாமனாருக்க நெஞ்சில மருமவ கை வைக்கதா? நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவா? அவன் ஆம்பள நிக்கானே, அவன் செய்யட்டும்." அத்தைக்கு அண்ணன் என்றால் உயிர். அந்த உயிர் தரையில் கிடக்கும்போதும் அவளுக்கு நாலு பேர் ஞாபகம் வந்தார்கள். பிறந்ததிலிருந்து சொல்லிச் சொல்லி வளர்த்தால் வராமல் என்ன செய்யும்? மாமனார் எதிரில் உட்காராதே, தொட்டுக் கொடுக்காதே, சத்தமாகப் பேசாதே. அந்த நாலு பேரை நான் இதுவரை பார்த்ததில்லை. பார்த்தால் சும்மா விடமாட்டேன்.

"சமயம் இல்ல அத்தை. விடுங்க!"

அந்த நேரத்தில் அப்பாவின் மார்பிலிருந்து படக் என்று ஒரு சத்தம் கேட்டது. அதைக் கேட்டதும் சர்ட்டிபிகேட் வாங்கின நிபுணன் அலறினான். "ஒடிஞ்சு போச்சு! நிறுத்து! எங்கப்பாவைக் கொல்லாதே!" அவள் கையைப் பிடித்து இழுத்தேன். ஆமாம், நான்தான். அத்தை ஒரு தோளில், நான் ஒரு கையில்.

செண்பகம் என்னை ஒரு தள்ளு தள்ளினாள். பிறகு பிந்து சிஸ்டர் குரலில், சரியாகச் சொன்னால் பிந்து சிஸ்டரை நான் கிண்டல் செய்த குரலில், கத்தினாள். "எல்லு ஒடிஞ்ஞால் சரியாக்காம்! ஆளு போயால் சரியாக்கான் பற்றுமோ?"

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு பாஸ்கரன் சேட்டன் ஓடி வந்தார். நல்ல மனிதர். வந்ததும் முகத்தில் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். சோடா இருக்கிறதா என்று கேட்டார். பிறகு, "நம்முடெ காரில் தூக்கிப் போகாம்" என்று அப்பாவின் காலைப் பிடித்தார்.

"காலை விடுங்க சேட்டா. தூக்கினா அமுக்கறது நிக்கும். வாசல்ல போய் நின்னு ஆம்புலன்ஸைக் கைகாட்டுங்க." அவர் காலை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார். அந்த வீட்டில் அன்று சொன்னதைச் சொன்னபடி செய்த ஒரே ஆண் அவர்தான்.

செண்பகத்தின் நெற்றியிலிருந்து வியர்வை அப்பாவின் சட்டையில் சொட்டியது. "கை ஓயுது. நீங்க வாங்க" என்றாள் என்னைப் பார்த்து. போனேன். மண்டியிட்டேன். முட்டு வலிக்கவில்லை, ஆச்சரியம்! கையை வைத்தேன். "அது வயிறு" என்றாள். மேலே தள்ளி வைத்தேன். அமுக்கினேன். "கை மடக்கருது!" அமுக்கினேன். "சப்பாத்தி மாவல்ல!" அழுதுகொண்டே அமுக்கினேன். அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே அமுக்கினேன். என் கை தளர்ந்ததும் என்னை நகர்த்திவிட்டு அவளே மறுபடி ஆரம்பித்தாள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. செல்போனிலிருந்து அந்தப் பெண் குரல் மட்டும், "நிறுத்தண்டா சேச்சி, நிறுத்த வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தார்கள். அப்பாவின் மார்பில் இரண்டு பட்டைகளை ஒட்டி, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லி, ஷாக் கொடுத்தார்கள். அப்பாவின் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. விரல் விரிந்து சாவிக்கொத்து தரையில் விழுந்தது. அவர்களில் ஒருவர் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். அது ஆமாம் என்கிற ஆட்டலா, இல்லை என்கிற ஆட்டலா என்று எனக்குப் புரியவில்லை. செண்பகம் சுவரில் சாய்ந்து முதல் தடவையாக அழுததைப் பார்த்துத்தான் புரிந்தது.

எல்லோருக்கும் இப்படி நடப்பதில்லை என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். ஒழுங்காக அமுக்கியும் திரும்பி வராதவர்கள்தான் அதிகமாம். அமுக்கவே ஆள் இல்லாவிட்டால் பேச்சே இல்லை என்றார். பிறகு கேட்டார், "ஆராணு சி.பி.ஆர். கொடுத்தது?"

"இவன்தான். மவன்" என்று கோமதி அத்தை என்னைக் காட்டினாள்.

நான் வாயைத் திறந்தேன். செண்பகம் என் கையை அழுத்தினாள். அத்தை பாவம், விடுங்கள் என்பது போல. விட்டேன். அதுதான் தப்பாகிவிட்டது. சாயங்காலத்துக்குள் வலியசாலை முழுக்க ஒரே பேச்சு. "மகன் அப்பாவுக்கு உயிர் கொடுத்தான். சர்ட்டிபிகேட் உள்ள ஆளல்லவா!" கடைக்குக் குக்கர் வாங்க வந்தவர்கள் லேமினேஷனைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அப்பா வீடு திரும்பின பிறகு அசோசியேஷன்காரர்கள் சரிகைப் பொன்னாடையோடு வந்தே விட்டார்கள். என் தோளில் போர்த்துவதற்கு விரித்தபோது அப்பா நாற்காலியிலிருந்து கையைத் தூக்கி, "ஒரு நிமிஷம்" என்றார். நெஞ்சு நின்ற அன்று நடந்தது எதுவும் அவருக்கு ஞாபகம் கிடையாது, பாஸ்கரன் சேட்டன் சொல்லித்தான் தெரியும். எலும்புக்கு ஞாபகம் இருந்தது.

"ஒடிஞ்ச எலும்பெல்லாம் மருமவ கணக்கு. மவன் அமுக்கின இடத்துல ஒரு கீறல் கூட இல்ல. பொன்னாடை யாருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செண்பகம் பொன்னாடையை வாங்கி, சரிகையைத் தடவிப் பார்த்தாள். "நல்ல துணி. திண்டுக்கு உறை தைக்கலாம்" என்றாள்.

தைத்தாள். இன்றும் எங்கள் ஹாலில் அந்தத் திண்டு பொன்னாடையோடுதான் கிடக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் அப்பா அதைக் காட்டி, "இவருதான் மொதல்ல அடி வாங்கினவரு, நான் ரெண்டாவது" என்கிறார். சட்டினியில் உப்பு குறைந்தாலும் யாரும் வாயைத் திறப்பதில்லை. அசோசியேஷன் மறுபடி வகுப்பு வைத்தபோது செண்பகம் போனாள். அத்தையையும் இழுத்துக்கொண்டு போனாள். அன்று இட்டிலி அவித்தது நான். கல்லாக இருந்தது.

ஊரில் இன்னும் என்னைக் காட்டி, அப்பாவைக் காப்பாற்றின பிள்ளை என்று சொல்கிறார்கள். அதனால் எழுதிவைக்கிறேன். அப்பா விழுந்தார். அவர் நெஞ்சு நின்றது. செண்பகம் அமுக்கினாள். நான் அவர் கையில் கடைச் சாவியை வைத்தேன்.